நோட்டில் இல்லாதது

தனோஜனுக்கு மறதி அதிகம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று பத்து மணிக்குக் கேட்டால் விழிப்பான். அதை மூடி மறைக்கத்தான் ஸ்டிக்கி நோட்டுகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டான் என்பது 'நீரோரம்' கல்யாண மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். அவன் மட்டும் அதற்கு நிர்வாகம் என்று பெயர் வைத்திருந்தான்.

மண்டபம் வாவிக் கரையில் இருந்தது. அலுவலக அறையின் ஒரு ஜன்னலைத் திறந்தால் தோணிகள் தெரியும். மற்ற ஜன்னல் இருந்த இடத்தை அடைத்துப் பெரிய கணினித் திரை ஒன்றை மாட்டியிருந்தான் தனோஜன். அதுதான் பலகை, அதில் கலர் கலராக நோட்டுகள். மஞ்சள் என்றால் விழா, பச்சை என்றால் சாமான், நீலம் என்றால் கழுவித் துடைக்கும் வேலை. ஒவ்வொரு நோட்டுக்கும் நாளும் நேரமும் குறித்துவிட்டால், அந்த நேரத்துக்கு வேலைக்காரர் எல்லோருடைய போனும் ஒன்றாய்க் கத்தும். கோழிக்கூட்டுக்குள் மரநாய் புகுந்த மாதிரி இருக்கிறது என்று காவலாளி சொல்லுவார். நோட்டை யாரும் போடலாம். மாற்றவும் அழிக்கவும் தனோஜனால் மட்டும்தான் முடியும். யாராவது எதையாவது வாயால் சொல்ல வந்தால், அவன் திரையைப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு வசனம் சொல்லுவான்.

"நோட்டில இல்லாதது இந்த மண்டபத்தில நடக்காது."

இந்த நோட்டு விளையாட்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவள் அகீலா. ஏறாவூரிலிருந்து பஸ் ஏறி வந்து வரவேற்பு மேசையில் இருப்பவள். அந்தச் செயலியை இறக்கி, அவனுடைய போனில் போட்டு, எந்தப் பொத்தானை அமத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். மண்டபத்தின் சொந்தக்காரர் வினாயகமூர்த்தி கொழும்பில் இருந்தார். தனோஜனுக்குத் தாய்மாமன். அவரிடம் அவன் எல்லாம் தன்னுடைய மூளை என்று சொல்லிப் பெயர் வாங்கிக்கொண்டான். அதற்காக அகீலா அவனை வெறுக்கவில்லை. அந்த மாதிரிக் களவுகளை வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணும் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கப் பழகியிருப்பாள்.

அவள் அவனை வெறுத்தது ஒரு இளஞ்சிவப்பு நோட்டுக்காக.

அவளுடைய உம்மா ஸைனம்புவுக்கு வயிற்றில் ஒரு நோவு. கிளினிக்கில் ஸ்கேனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள்: வியாழக்கிழமை, காலை பத்து மணி. வாப்பா மவுத்தாகிப் பல வருடம். கூடப் பிறந்தவர்கள் இல்லை. உம்மாவைக் கூட்டிக்கொண்டு போக அகீலாவை விட்டால் ஆளில்லை. அவள் தனோஜனிடம் வாயாலும் சொன்னாள், அவனுடைய சட்டப்படி நோட்டும் போட்டாள். 'அகீலா லீவு. உம்மாவுக்கு ஸ்கேன்.' மற்ற நிறங்களோடு கலந்துவிடக் கூடாதென்று இளஞ்சிவப்பில் போட்டாள். அவன் தலையாட்டினான். பிறகு அவள் வீட்டுக்குப் போன நேரத்தில், கொம்பனிப் பலகையில் வீட்டுச் சமாச்சாரம் எதற்கு என்று அதை அழித்துவிட்டான்.

வியாழன் காலை உம்மா சாரியும் உடுத்து, முக்காடும் போட்டு, கிளினிக் துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டோவுக்குக் காத்திருந்த நேரம் தனோஜனின் போன் வந்தது. மத்தியானம் பெரிய சாப்பாட்டு நிகழ்ச்சி இருக்கிறது, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டான். அவள் லீவைச் சொன்னாள். நோட்டில் ஒன்றும் இல்லையே என்றான். அவள் கெஞ்சினாள். நோட்டில் இல்லாததைத் தான் கேட்க முடியாது என்றும், வராவிட்டால் இனி வரவே தேவையில்லை என்றும் சொல்லி வைத்துவிட்டான். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உம்மா முக்காட்டைக் கழற்றி மடித்தார். "வேலய உட்டுறாத மகள். ஸ்கேனப் பொறகு எடுப்பம்," என்றார்.

ஸ்கேனுக்கு மறுபடி நாள் கிடைக்க வாரக்கணக்கானது. உம்மாவுக்குள் இருந்தது அதுவரை காத்திருக்கவில்லை.

உம்மா மவுத்தான அன்று, மையத்து வீட்டுக்கு மண்டபத்திலிருந்து பிரஷாந்தி வந்தாள். கணக்கு வேலை பார்க்கும் செட்டிபாளையத்துப் பிள்ளை. வந்தவள் அகீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தனோஜன் வரவில்லை. மலர்வளையம் ஒன்று அனுப்பியிருந்தான். மையத்துக்கு மலர்வளையம் வைக்கும் வழக்கம் ஏறாவூரில் எந்தக் காலத்தில் இருந்தது? கொண்டுவந்த பொடியன் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேலியோரம் சாத்திவிட்டுப் போனான். அதை ஆடு தின்றது. பக்கத்தில் வேலை செய்யும் மனிதர்களைப் பற்றி அவன் அவ்வளவுதான் அறிந்து வைத்திருந்தான்.

அகீலா திரும்பவும் வேலைக்கு வந்தபோது, பாவம் வயிற்றுப்பாடு, என்று நினைத்தார்கள். அவள் வந்தது வயிற்றுப்பாட்டுக்கு இல்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். அவளுடைய கஞ்சி ஆறவே இல்லை. ஒவ்வொரு நாளும் அவனுக்கு எதிர் மேசையில் இருந்து, சிரித்து, "ஓம் சேர்" சொல்லி, அதன் அடியில் விறகு தள்ளிக்கொண்டே இருந்தாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று தனோஜன் நினைத்தான்.

மாரி மழை பிடித்த ஒரு திங்கட்கிழமை அவளுக்கு வழி திறந்தது.

தனோஜன் அன்று தலைகால் தெரியாத சந்தோஷத்தில் இருந்தான். மாமா சுவிஸிலிருந்து வந்த கூட்டாளிகளை மட்டக்களப்புக்குக் கூட்டி வரப் போகிறார். பாசிக்குடாப் பக்கம் இரண்டாவது மண்டபம் ஒன்று கட்டும் யோசனை. தனோஜன் இதை நடத்துகிற நேர்த்தியை அவர்கள் கண்ணால் கண்டு திருப்திப்பட்டால், அதற்கும் அவனே பொறுப்பு, பங்காளியும் அவனே. வியாழன் விடிய அவனே மண்டபத்து வான் வண்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோய், வெள்ளி பின்னேரம் அவர்களோடு வந்து சேருவதாக ஏற்பாடு. வழி நெடுகக் காக்காய் பிடிக்கலாம் என்ற எண்ணம்தான், வேறென்ன.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவன் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டான். ஏறாவூரிலிருந்து சித்தி நபீஸா என்ற ஒரு தாய். மகளுக்குக் கல்யாணம். மருதோன்றி விழாவை வீட்டு வளவில் வைக்க இருந்தார்களாம், மழையில் வளவெல்லாம் சேறாகிவிட்டதாம். சாப்பாடு தங்கள் ஆட்களே கொண்டு வருவார்கள், மண்டபமும் மேடையும் லைட்டும் இருந்தால் போதும் என்றார்.

"வாற வெள்ளி ராவைக்கு மகன். மண்டபம் வெறுமனாத்தானே கிடக்கு?"

வெள்ளி இரவு என்றதும் அவனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மாமாவும் கூட்டாளிகளும் வந்து இறங்குகிற நேரத்தில், மண்டபம் நிறையச் சனத்தோடு ஒரு விழா. தேதி என்ன என்று அவன் கேட்கவில்லை. நிக்காஹ் எப்போது என்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையைத் தொட்டு, இரவு ஏழு மணியைத் தொட்டு, மஞ்சள் நோட்டு ஒன்றை ஒட்டினான்.

எதிர் மேசையில் அகீலாவின் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன.

சித்தி நபீஸா சொன்ன வெள்ளி இரவு வேறு. அவர்களுடைய ஊரில் பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் அடுத்த நாள் பிறந்துவிடும். இரவு முதலில், பகல் பிறகு. வியாழக்கிழமை சூரியன் வாவியில் இறங்கியதோடு வருவதுதான் வெள்ளி இரவு. அதைச் சின்னப் பிள்ளையும் அறியும். வெள்ளிக்கிழமை பொழுது பட்டால் அது சனி இரவு. தனோஜன் ஒட்டிய நோட்டு முழுசாக ஒரு நாள் பிந்தி நின்றது.

சொல்லலாம் என்று வாய் ஒரு கணம் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. நோட்டில் இல்லாதது நடக்காது, இல்லையா? நல்லது சேர், நடக்க வேண்டாம். வியாழன் இரவு மருதோன்றிக்கு அலங்கரித்த பெண்ணும் சனமும் மழையில் வந்து பூட்டிய கதவைத் தட்டட்டும். ஊர் சிரிக்கட்டும். வெள்ளி இரவு மாமா வந்து கேட்கட்டும். அவள் ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை, ஒரு பொத்தானையும் அமத்தத் தேவையில்லை. அவன் போட்ட சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தால் போதும். உம்மா போன பிறகு அன்றைக்குத்தான் அவள் மத்தியானச் சோற்றை ருசித்துச் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சித்தி நபீஸா மண்டபத்தைப் பார்க்க நேரில் வந்தார். தனோஜன் வானைக் கழுவவும் எண்ணெய் மாற்றவும் போயிருந்தான். அகீலாதான் மேடையையும் கதிரைகளையும் காட்டினாள். அவர் மேடையைப் பார்க்கவில்லை, அகீலாவின் முகத்தையே பார்த்தார்.

"நீ ஸைனம்பு ராத்தாட மகளெல்லுவா?" என்றார். "எனக்குக் கல்யாணத்துக்கு மருதோண்டி போட்டது உன்ட உம்மாதான் புள்ள. ஒரு மாசத்துக்குச் செவப்புப் போகல்ல. நீ இரிக்காய் எண்டா எனக்கு இனி ஒரு கவலயுமில்ல."

அவர் போன பிறகு அகீலா வாவிப் பக்கத்து ஜன்னலோரம் போய் நின்றாள். அவளுக்குத் தன்மீது வெட்கமாக இருந்தது, அவன்மீது இருந்த ஆத்திரம் மட்டும் குறையவில்லை. பழி வேண்டும், அதில் மாற்றமில்லை. அதை ஏறாவூரில் ஒரு பிள்ளையின் கையிலிருந்து பறித்து எடுக்க வேண்டுமா? தனோஜன் செய்ததும் அதுதானே, தன் காரியத்துக்கு இன்னொருத்தியின் உம்மாவை மிதித்துக்கொண்டு போனது. யோசிக்க யோசிக்க ஒன்று தெளிந்தது. விழா நடந்தாலும் அவன் விழுவான். விழா நன்றாக நடந்தால் இன்னும் நன்றாக விழுவான்.

பிரஷாந்தியிடம் மட்டும் சொன்னாள். பிரஷாந்தி முழுவதையும் கேட்டுவிட்டு, இளஞ்சிவப்பு நோட்டு இருந்த இடத்தைத் திரையில் ஒரு முறை பார்த்தாள். "பூக்காரனுக்கு நான் போன் பண்ணுறன்," என்றாள். "ஆனா அக்கா, போர்ட்டில கை வைக்காதீங்க." வைக்க மாட்டேன் என்றாள் அகீலா. அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

வியாழன் விடிய தனோஜன் புது ஷேர்ட்டோடு வானில் ஏறினான். பலகையில் வியாழனுக்கு ஒரே ஒரு நீல நோட்டு: மண்டபம் கழுவுதல். கழுவினார்கள். பிறகு பலகையில் இல்லாத எல்லாவற்றையும் செய்தார்கள். பூ வந்தது. மேடைக்குப் பச்சைத் துணி விரித்தார்கள். எந்தப் போனும் கத்தவில்லை. நோட்டு இல்லாமல் வேலை இவ்வளவு அமைதியாக நடக்குமா என்று காவலாளிக்கே ஆச்சரியம். மஃரிப் தொழுதுவிட்டு ஏறாவூர்ச் சனம் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் வந்து இறங்கியது. மணப்பெண் ஹிதாயா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மேடையில் இருந்தாள். கூட்டத்தில் யாரோ அகீலாவின் சின்ன விரலிலும் ஒரு பொட்டு மருதோன்றி வைத்தார்கள். உம்மாவின் ஞாபகத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு போய் ஜெனரேட்டருக்கு எண்ணெய் காணுமா என்று பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பலகை கத்தத் தொடங்கியது. கதிரை அடுக்கவும் என்று கத்தியது. அடுக்கினார்கள். மேடை லைட் போடவும் என்று கத்தியது. போட்டார்கள். வாசலில் பன்னீர்ச் செம்பு வைக்கவும் என்றது, அதையும் வைத்தார்கள். வழியில் எங்கோ வானை நிறுத்தித் தனோஜன் போன் பண்ணி எல்லாம் சரியா என்று கேட்டான். நோட்டில் உள்ளபடி எல்லாம் நடக்குது சேர் என்று அகீலா சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை.

ஏழு மணிக்குச் சற்று முன் வான் வந்து நின்றது. வினாயகமூர்த்தி முதலில் இறங்கினார். பின்னால் சுவிஸ்காரர் இருவரும் மனைவிமாரும். தனோஜன் ஓடிப்போய் இரட்டைக் கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தான்.

உள்ளே அத்தனை லைட்டும் எரிந்தது. அத்தனை காற்றாடியும் சுற்றியது. வெள்ளை உறை போட்ட கதிரைகள் மேடைவரைக்கும் வரிசை பிடித்து நின்றன. ஒரு குருவி இல்லை. மேடையில் நேற்றைய பூ வாடிக்கிடந்தது. நோட்டில் எழுதிய எல்லாம் நடந்திருந்தது, சனம் வருவது மட்டும் பாக்கி.

முஸ்லிம் ஆட்கள் தொழுதுவிட்டுத்தான் வருவார்கள், சற்றுப் பிந்தும் என்று தனோஜன் விளக்கம் சொன்னான். விருந்தாளிகள் முன்வரிசையில் இருந்தார்கள். காற்றாடி சுற்றியது. சுவிஸ்காரர் ஒருவரின் மனைவி போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். வினாயகமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். கடைசியில் தனோஜன் சித்தி நபீஸாவுக்குப் போன் பண்ணினான். பழக்க தோஷம், ஸ்பீக்கரில் போட்டான்.

"மருதோண்டி நேத்து ராவே முடிஞ்செல்லோ மகன்," என்றது போன். "இண்டைக்குப் பின்னேரம் அஸறோட நிக்காஹும் முடிஞ்சி. மண்டபத்த நல்ல வடிவாச் செஞ்சி தந்தீங்க. அந்த அகீலாப் புள்ளைக்கு அல்லாஹ் பறக்கத் செய்யட்டும்."

தனோஜனின் முகத்தில் ஈயாடவில்லை. வினாயகமூர்த்தி மெதுவாக எழுந்து அகீலா நின்ற பக்கம் வந்தார். நேற்று இங்கே விழா நடந்ததா என்று கேட்டார். நடந்தது என்றாள். வெள்ளி இரவுக்கென்றுதானே பதிந்திருக்கிறது என்றார். வியாழன் பொழுது பட்டால் எங்கட ஆக்களுக்கு அது வெள்ளி இரவு என்று அவள் விளங்கப்படுத்தினாள். இத்தனை வருடம் முஸ்லிம்களுக்கு மண்டபம் கொடுக்கிற தன் மருமகனுக்கு இது தெரியாது என்பதை அவர் சுவிஸ்காரர்களுக்கு முன்னால் விளங்கிக்கொண்டார்.

"உமக்குத் தெரிஞ்சிருக்கே புள்ள. ஏன் இவனுக்குச் சொல்லல்ல?"

மாதக்கணக்காக அடியில் விறகு தள்ளிய கஞ்சி. அகீலா அவரைப் பார்க்கவில்லை. தனோஜனைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வாயால சொன்னா சேர் கேக்க மாட்டார் ஐயா. நோட்டில இல்லாதது இந்த மண்டபத்தில நடக்காது."

அந்த வசனம் மண்டபத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். காவலாளி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். பிரஷாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அகீலாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. நல்லவர்களுக்கு அப்படியெல்லாம் குளிரக் கூடாது என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அவளுக்குக் குளிர்ந்தது.

பாசிக்குடா மண்டபத்தின் பேச்சு அத்தோடு நின்றது. அக்காவின் மகனை வீட்டுக்கு அனுப்ப வினாயகமூர்த்திக்கு மனம் வரவில்லை. ஒரு மேசையைக் கொடுத்து இருக்க வைத்தார். பலகையின் பொறுப்பை அகீலாவிடம் கொடுத்தார். இனி மாற்றுவதும் அழிப்பதும் அவள்தான்.

அடுத்த நாள் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் தனோஜன் அவளிடம் வந்தான். கத்துவான் என்று அவள் ஆயத்தமாக இருந்தாள். அவன் கத்தவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான், குரல் இறங்கியிருந்தது.

"ஒண்டு மட்டும் சொல்லுங்க அகீலா. நான் உங்களுக்கு என்ன செஞ்சன்?"

நடிக்கிறான் என்று முதலில் நினைத்தாள். அவன் கண்ணைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவனுக்கு உண்மையாகவே ஞாபகமில்லை. அவளை வரச்சொன்ன அந்தக் காலையும், அவள் கெஞ்சியதும், உம்மா மடித்து வைத்த முக்காடும் அவனிடத்தில் எங்கேயும் இல்லை. நோட்டை அழித்த அன்றே அவனுக்குள்ளும் அது அழிந்துபோனது. இத்தனை மாதமும் அவள் நெருப்பில் கிடந்தாள், இவன் நிம்மதியாக நித்திரை கொண்டான். நேற்றுக் குளிர்ந்த நெஞ்சு திரும்பவும் பற்றிக்கொண்டது. என்னத்துக்கு அடி விழுந்தது என்று தெரியாதவனுக்கு அடித்து என்ன பிரயோசனம்?

அவள் திரைப்பக்கம் திரும்பி, பொறுப்பாளருக்கு மட்டும் திறக்கும் குப்பைக் கூடையைத் திறந்தாள். அவன் அழித்த நோட்டுகள் எல்லாம் அங்கே கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு இளஞ்சிவப்பு. 'அகீலா லீவு. உம்மாவுக்கு ஸ்கேன்.' அதை எடுத்துப் பழைய இடத்தில் ஒட்டினாள். யாருக்கு நினைவூட்ட வேண்டும் என்று கேட்டது. தனோஜன் என்று மட்டும் போட்டாள். எப்போது என்று கேட்டது. வியாழன், காலை பத்து மணி. ஒரு தடவையா, ஒவ்வொரு வாரமுமா? ஒவ்வொரு வாரமும்.

அவன் எழுந்து வந்து பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தான். முதல் தடவை வாசித்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவையில் நிறம் மாறியது. தன் மேசைக்குப் போய் இருந்துகொண்டான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவனுடைய போன் மட்டும் தனியே கத்தியது. அடுத்த வியாழனும் கத்தியது. அதற்கடுத்த வியாழன், கத்துவதற்கு முன்பே அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதை அகீலா கண்டாள். கத்தியது. வாசித்தான். அன்றைக்குத்தான் எழுந்து அவளுடைய மேசைக்கு வந்தான்.

"இது எத்தின நாளைக்கு?" என்று கேட்டான்.

அகீலா சின்ன விரலைப் பார்த்தாள். மருதோன்றியின் சிவப்பு நகத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"எனக்கு ஞாபகம் இரிக்கிற வரைக்கும் சேர்," என்றாள். பிறகு அன்றைய விழாவுக்கான மஞ்சள் நோட்டைத் திறந்து, எந்த இரவு என்று கேட்டு எழுதத் தொடங்கினாள்.